மலிவு எல்.இ.டி. பல்பு: பளிச்சென்று எரியுது... பர்ஸ் காலியாகுது!

*பெட்டியில் 'ஆர்' நம்பர் இருக்கிறதா? வாங்கும் முன் பாருங்கள் * 'ஜீரோ வாட்ஸ்' பல்பின் குட்டு உடைந்தது * 2022 கட்டணத்தில் ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்!*

சென்னை,

கரண்ட் பில்லைக் குறைக்க வேண்டும் என்று எல்.இ.டி. பல்புக்கு மாறிய பலர், தயாரித்தவர் பெயர்கூட இல்லாத மலிவு பல்புகளை வாங்கி, சில மாதங்களிலேயே குப்பையில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். மிச்சம் பிடிக்கப் போன காசு பல்புக் கடையிலேயே போய்விடுகிறது. போதாக்குறைக்கு, ஷாக் அடிக்கும் ஆபத்தும் கூடவே வீட்டுக்கு வருகிறது.

சாயங்கால வேளை. பாரிமுனையில் ஆபீஸ் விட்டு, பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் ஓடுகிற கூட்டம். பிளாட்பாரத்தில் ஒரு பலகை. அதில் வரிசையாக ஹோல்டர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பல்பு. கண்ணைக் கூசும் வெளிச்சம்.

"எரியுது பாருங்க சார்... பாத்துட்டு வாங்குங்க!"

விலையைக் கேட்டால் பெரிய கம்பெனி பல்பில் பாதி. இரண்டாக வாங்கினால் இன்னும் குறைவு. பில் கேட்டால் ஒரு சிரிப்பு. கேரண்டி கேட்டால், "நான் இங்கதானே சார் இருப்பேன்!"

எரிகிறது. அதில் சந்தேகமே இல்லை. எத்தனை நாள் எரியும் என்பதுதான் கேள்வி.

நூற்றுக்கு 76!

இது சென்னையின் தொல்லை மட்டும் அல்ல. 2017-ம் ஆண்டில் டெல்லி, மும்பை, அகமதாபாத், ஐதராபாத் ஆகிய 4 நகரங்களில் உள்ள 200 மின்சாமான் கடைகளில் நீல்சன் நிறுவனம் ஓர் ஆய்வு நடத்தியது. அங்கே விற்ற எல்.இ.டி. பல்பு பிராண்டுகளில் நூற்றுக்கு 76 பிராண்டுகள் அரசு விதித்த பாதுகாப்பு நிபந்தனைகளின்படி இல்லை என்பது தெரிய வந்தது. கூரையில் பதிக்கும் 'டவுன்லைட்' வகையிலும் நூற்றுக்கு 71 இதே கதைதான்.

நாலு பிராண்டில் மூன்று மோசம் என்று அர்த்தம்!

அந்தப் பட்டியலில் சென்னை இல்லை. அதற்காக இங்கே எல்லாம் சுத்தம் என்று மார் தட்டிக்கொள்ள முடியாது. பெயர் இல்லாத பெட்டிகள் இங்கும் தாராளமாகக் கிடைக்கின்றன.

உள்ளே என்ன இருக்கிறது?

குண்டு பல்பில் ஏமாற்ற அதிக இடம் கிடையாது. கண்ணாடிக்குள் ஒரு கம்பி. கம்பி சூடேறினால் வெளிச்சம். அறுந்தால் இருட்டு. அவ்வளவுதான்.

எல்.இ.டி. பல்பு அப்படி அல்ல. அது ஒரு சின்ன எலெக்ட்ரானிக் பெட்டி. வீட்டுக்கு வரும் 230 வோல்ட் கரண்ட் அதற்கு நேரடியாக ஆகாது. அதை மாற்றிக் கொடுக்க உள்ளே ஒரு சின்ன சர்க்யூட் இருக்கிறது. அதற்கு 'டிரைவர்' என்று பெயர். அதற்கு மேலே ஓர் அலுமினியத் தகடு. தகட்டின் மேல் கடுகு கடுகாக மஞ்சள் பொட்டுகள். அந்தப் பொட்டுகள்தான் வெளிச்சம் தருகின்றன.

பொட்டுகளில் உண்டாகும் சூட்டை வெளியே இழுத்துவிடுவது அலுமினியத்தின் வேலை. மலிவு பல்பில் முதலில் கை வைப்பது இங்கேதான். தகடு மெலிந்துபோகும். டிரைவரில் போட வேண்டிய நல்ல 'கெப்பாசிட்டர்' இருக்காது. சூடு தாங்காத மட்ட சரக்கு இருக்கும். பொட்டுகள் ஒன்றோடு ஒன்று சங்கிலி போலக் கோர்க்கப்பட்டிருப்பதால், ஒன்று கருகினால் போதும், வரிசையே அணைந்துவிடும்.

அணைந்துபோன மலிவு பல்பின் வெள்ளை மூடியைக் கழற்றிப் பார்த்தால், மஞ்சள் பொட்டுகளில் ஒன்றின் நடுவே கரும்புள்ளி தெரியும். அதுதான் ஆளைக் கவிழ்த்த பொட்டு.

இதை ரிப்பேர் செய்து தருகிறேன் என்று சில இடங்களில் வேலை நடக்கிறது. கருகிய பொட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஈயத்தைப் பற்றவைத்து இணைத்துவிடுவார்கள். பல்பு மறுபடியும் எரியும். ஆனால் போன பொட்டின் பாரம் மற்ற பொட்டுகளின் தலையில் விழுகிறது. அடுத்தது சீக்கிரமே கருகும்.

இதெல்லாம் பணத்தோடு போகிற நஷ்டம். இன்னொன்று இருக்கிறது. மட்டமான பல்பில் டிரைவருக்கும் வெளியே இருக்கும் உலோகப் பாகத்துக்கும் நடுவே சரியான தடுப்பு இருக்காது. ஈரக் கையோடு பல்பைத் தொட்டுத் திருகினால் விபரீதம்தான். பாத்ரூம், கிணற்றடி, கொல்லைப்புறம் போன்ற இடங்களுக்கு 'இது போதும்' என்று மலிவு பல்பை ஒதுக்குவது நம் வீடுகளில் வழக்கம். நடுக்கூடத்துக்கு நல்லது, ஈரம் உள்ள இடத்துக்கு மட்டம்! தலைகீழ் புத்தி என்பது இதுதான்.

பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்

எல்.இ.டி. பல்பு விற்க வேண்டுமானால் இந்தியத் தர நிர்ணய அமைவனமான பி.ஐ.எஸ்.ஸிடம் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். பதிவு செய்தவருக்கு ஒரு நம்பர் கொடுப்பார்கள். 'ஆர்' என்ற ஆங்கில எழுத்து, பக்கத்தில் ஒரு கோடு, அதன் பிறகு 8 இலக்கங்கள். கூடவே 'ஐ.எஸ். 16102' என்ற தர எண்ணும் இருக்கும். பல்பின் மேலோ, பெட்டியின் மேலோ இது அச்சாகி இருக்க வேண்டும்.

நம்பர் இருந்தால் மட்டும் நம்பிவிட முடியுமா? அச்சடிக்கத் தெரிந்தவன் எந்த நம்பரையும் அச்சடிப்பானே! அதற்கும் வழி இருக்கிறது. 'பி.ஐ.எஸ். கேர்' என்ற செயலியைப் போனில் இறக்கிக்கொண்டு அந்த 'ஆர்' நம்பரைத் தட்டினால், அது யாருடைய நம்பர் என்று காட்டிவிடும். பெட்டியில் ஒரு பெயர், போனில் வேறு பெயர் என்றால், கடைக்காரரிடம் பல்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

அடுத்தது நட்சத்திரம். மத்திய அரசின் எரிசக்தி சிக்கனப் பணியகம் பிரிட்ஜ், ஏ.சி.க்குக் கொடுப்பது போலவே எல்.இ.டி. பல்புக்கும் 1 முதல் 5 வரை ஸ்டார் கொடுக்கிறது. 2018 ஜனவரி 1-ந்தேதி முதல் இது கட்டாயம். ஸ்டார் ஏற ஏற, அதே கரண்டுக்கு வெளிச்சம் அதிகம்.

வாட் பார்க்காதே, லூமென் பார்!

"60 வாட் பல்பு குடுங்க" என்று கேட்டுப் பழகிவிட்டது நம் நாக்கு. வாட் என்பது வெளிச்சம் அல்ல. அது பல்பு சாப்பிடும் சாப்பாடு. வெளிச்சத்தின் கணக்குக்கு 'லூமென்' என்று பெயர்.

60 வாட் குண்டு பல்பு ஏறக்குறைய 700 லூமென் தரும். நல்ல கம்பெனியின் 9 வாட் எல்.இ.டி. பெட்டியில் 900 லூமென் அளவில் போட்டிருக்கும். சாப்பாடு ஆறில் ஒரு பங்கு, வேலை அதைவிட அதிகம்!

குண்டு பல்பு சாப்பிடும் கரண்டில் நூற்றுக்கு 90 பாகத்துக்கு மேல் சூடாகவே போய்விடுகிறது. கோழிக்குஞ்சுக்குக் கதகதப்பு கொடுக்க குண்டு பல்பைத் தொங்கவிட்டது சும்மா இல்லை. அது பல்பு என்பதைவிட அடுப்பு என்பதுதான் சரி.

மலிவு பல்புப் பெட்டியில் '9 வாட்' என்று பெரிய எழுத்தில் இருக்கும். லூமென் எவ்வளவு என்று தேடினால் கிடைக்காது. தேடிக் கிடைக்காவிட்டால் அதுவே போதுமான பதில்.

போன் கேமராவை வைத்து இன்னொரு சோதனை செய்யலாம். எரியும் பல்பைக் கேமராவில் பாருங்கள். திரையில் கருப்புக் கருப்பாகப் பட்டைகள் பலமாக ஓடினால் அந்தப் பல்பு கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கிறது என்று அர்த்தம். அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் மணிக்கணக்கில் படித்தால் கண் வலி, தலைவலி வர இடம் உண்டு.

'ஜீரோ' என்ற புருடா

படுக்கை அறையிலும் பூஜை அறையிலும் விடிய விடிய எரிகிற சின்ன பல்பு ஒன்று உண்டு. சிவப்பு, பச்சை, நீலம் என்று கலர் கலராக இருக்கும். கடையில் அதன் பெயர் 'ஜீரோ வாட்ஸ்'.

ஜீரோ என்றால் கரண்டே சாப்பிடாது என்று அர்த்தமா? பலர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் அந்தக் கண்ணாடி பல்பு 12 முதல் 15 வாட் வரை இழுக்கிறது!

நடுக்கூடத்தில் எரியும் 9 வாட் எல்.இ.டி. பல்பைவிட இது அதிகம். வீடு முழுக்க வெளிச்சம் தருகிற பல்பைவிட, மூலையில் மினுக்குகிற பல்பு அதிகம் சாப்பிடுகிறது!

பிறகு ஏன் ஜீரோ என்றார்கள்? சக்கரம் சுற்றுகிற பழைய மீட்டர்கள் இவ்வளவு சின்ன இழுவைக்குச் சரியாக நகராது. மீட்டர் ஓடாததால் ஜீரோ என்று பெயர் வந்தது. இப்போது இருப்பது எலெக்ட்ரானிக் மீட்டர். அது எறும்பு கடித்தாலும் எண்ணிவிடும்.

கணக்கைப் பாருங்கள். 15 வாட் பல்பு. தினம் 10 மணி நேரம். 60 நாள். மொத்தம் 9 யூனிட். அதே இடத்தில் அரை வாட் எல்.இ.டி. இரவு விளக்கைப் போட்டால், 60 நாளைக்கும் சேர்த்து அரை யூனிட்கூட ஆகாது.

சோக் செய்யும் சேட்டை

ஒன்றைச் சொன்னால் அரைமணி கழித்துச் சிரிப்பவனை 'டியூப் லைட்' என்று கேலி செய்வோம். ஸ்டார்டர் தட்டித் தட்டி, கண் சிமிட்டிச் சிமிட்டி எரிகிற பழைய டியூப் லைட்டுக்குக் கிடைத்த பட்டம் அது.

அது சாப்பிடுவதும் வெளியே சொல்லிக்கொள்வதைவிட அதிகம். டியூப்பில் 40 வாட் என்று எழுதியிருக்கும். பக்கத்தில் கனமாக உட்கார்ந்திருக்கும் இரும்பு சோக், தன் பங்குக்கு 10 வாட்டுக்கு மேல் சாப்பிட்டுச் சூடாகும். ஆக மொத்தம் 50 வாட்டைத் தாண்டிவிடும். அதே நீளத்தில் வருகிற எல்.இ.டி. டியூப் 20 வாட்டில் வேலையை முடித்துவிடும். சோக்கும் வேண்டாம், ஸ்டார்டரும் வேண்டாம்.

500-ஐத் தாண்டினால் ஆப்பு!

"லைட்டுல என்ன பெரிசா மிச்சமாகப் போகுது?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். 1,500 வாட் இழுக்கும் ஒரு ஏ.சி. ஒரு மணி நேரத்தில் சாப்பிடும் கரண்டில், 9 வாட் பல்பு 166 மணி நேரம் எரியும். விடிய விடிய ஏ.சி. போட்டுவிட்டு பல்பை மட்டும் மாற்றினால் பில் பாதியாகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆனால் தமிழ்நாட்டு மின் கட்டணத்தில் ஒரு படிக்கட்டு இருக்கிறது. அதன் விளிம்பில் நிற்கும் குடும்பங்களுக்கு 50 யூனிட், 60 யூனிட் கூட உயிர்நாடி.

2022 செப்டம்பரில் அறிவித்த கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் எரித்தால், முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100-க்கு யூனிட் 2 ரூபாய் 25 காசு. 400 வரை 4 ரூபாய் 50 காசு. 500 வரை 6 ரூபாய். சரியாக 500 யூனிட்டுக்குப் பில் 1,725 ரூபாய்.

501 ஆனால்? அந்த 2 ரூபாய் 25 காசு சலுகை பறிபோகும். 100-க்கு மேல் 400 வரை எல்லாம் 4 ரூபாய் 50 காசு. 500-க்கு மேல் 8 ரூபாய். கூட்டிப் பார்த்தால் பில் 1,958 ரூபாய்.

ஒரு யூனிட் அதிகம். 233 ரூபாய் அதிகம்!

2024 ஜூலையில் யூனிட் விலை இன்னும் ஏறியது. அப்போதும் 500 என்ற விளிம்பு அங்கேயேதான் இருந்தது.

இப்போது ஒரு நடுத்தர வீட்டைப் பார்ப்போம். பழைய சோக் வைத்த டியூப் லைட் 4. தினம் 6 மணி நேரம். 60 வாட் குண்டு பல்பு 2. தினம் 4 மணி நேரம். இரவு முழுக்க ஒரு 'ஜீரோ'. இரண்டு மாதத்தில் இந்த வெளிச்சத்துக்கு மட்டும் சுமார் 110 யூனிட் ஓடிவிடும்.

எல்லாவற்றையும் எல்.இ.டி.யாக மாற்றினால் 34 யூனிட்டில் முடியும். மிச்சம் 76 யூனிட்.

அந்த வீட்டின் மொத்தக் கணக்கு 560 யூனிட் என்று வையுங்கள். மேலே சொன்ன 2022 கட்டணப்படி பில் 2,430 ரூபாய். 76 யூனிட் குறைந்து 484 ஆனால் பில் 1,629 ரூபாய். ஒரே பில்லில் 801 ரூபாய் கையில் நிற்கிறது. விளிம்புக்கு அந்தப் பக்கம் இருந்தவர் இந்தப் பக்கம் வந்துவிட்டார்.

அதனால் முதலில் செய்ய வேண்டியது கடைக்கு ஓடுவது அல்ல. கடைசி நாலு பில்லை எடுத்துப் பார்ப்பது. கணக்கு 500-க்குச் சற்று மேலே தொங்கிக்கொண்டிருந்தால், பல்பை மாற்றுவதில் அன்றைக்கே லாபம். 900, 1,000 என்று ஓடினால் ஏ.சி.யையும் பழைய மின்விசிறியையும்தான் முதலில் பிடிக்க வேண்டும். ஒரு சாதாரண மின்விசிறியே 75 வாட் இழுக்கிறது. 'பி.எல்.டி.சி.' என்ற புது வகை மின்விசிறி அதில் பாதிகூட இழுப்பதில்லை.

மாற்றும்போதும் அதிக நேரம் எரியும் விளக்கில் தொடங்க வேண்டும். பரண் மேல் எப்போதோ எரிகிற குண்டு பல்பு அங்கேயே கிடக்கட்டும். அதை மாற்றி ஆகப்போவது ஒன்றும் இல்லை.

310 ரூபாய் 38 ஆன கதை

எல்.இ.டி. ஒரு காலத்தில் பணக்கார வீட்டுச் சாமான். 2014-ம் ஆண்டின் தொடக்கத்தில் மத்திய அரசின் இ.இ.எஸ்.எல். நிறுவனம் மொத்தமாகக் கொள்முதல் செய்தபோது ஒரு பல்புக்கு 310 ரூபாய் கொடுத்தது. கோடிக்கணக்கில் ஆர்டர் போகப் போக விலை சரிந்தது. 2016-ல் அதே கொள்முதல் விலை 38 ரூபாய்! 2015 ஜனவரி 5-ந்தேதி பிரதமர் மோடி தொடங்கிவைத்த 'உஜாலா' திட்டத்தில் நாடு முழுவதும் 36 கோடிக்கும் மேற்பட்ட பல்புகள் போய்ச் சேர்ந்தன. மக்களுக்கு 9 வாட் பல்பு 70 ரூபாய், 20 வாட் டியூப் 220 ரூபாய் என்று விற்றார்கள். 3 ஆண்டுக்குள் போனால் மாற்றிக் கொடுப்பதாக உத்தரவாதம்.

விலை விழுந்ததும் நல்லவர்களோடு கள்ளர்களும் சந்தைக்குள் நுழைந்தார்கள். 2022 ஜூலையில் எல்.இ.டி. விளக்குக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாக ஏறியது. பில் போட்டு விற்பவருக்கும் பில் இல்லாமல் விற்பவருக்கும் விலையில் இருந்த இடைவெளி இன்னும் அகன்றது. நேர்மையாக வியாபாரம் செய்யும் கடைக்காரர்தான் இதில் இரண்டு பக்கமும் அடி வாங்குகிறார். "பிளாட்பாரத்துல பாதி விலைக்குத் தரான், நீங்க மட்டும் ஏன் இப்படி?" என்ற கேள்விக்கு அவர் தினமும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

பல்பு வியாபாரத்தில் தில்லுமுல்லு புதிது அல்ல. 1924-ல் ஜெனீவாவில் உலகத்தின் பெரிய பல்பு கம்பெனிகள் கூடி ஒரு ரகசிய ஒப்பந்தம் போட்டன. எந்த பல்பும் 1,000 மணி நேரத்துக்கு மேல் எரியக் கூடாது! அதைவிட அதிக நேரம் எரியும் பல்பு செய்த கம்பெனிக்கு அபராதம்! அதிகம் எரிந்ததற்குத் தண்டனை விதித்த கூட்டம் உலகத்தில் வேறு இருக்குமா தெரியாது.

எல்.இ.டி.யை வெள்ளையாக எரிய வைத்தவரின் கதையும் சுவையானது. சிவப்பு, பச்சை எல்.இ.டி. முன்பே இருந்தது. நீலம் மட்டும் யாருக்கும் சரியாகச் சிக்கவில்லை. நீலம் கிடைத்தால்தான் அதன் மேல் மஞ்சள் பூச்சு பூசி வெள்ளை வெளிச்சம் எடுக்க முடியும். ஜப்பானில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்த ஷூஜி நாகமுரா, 1993-ல் பளிச்சென்று எரியும் நீல எல்.இ.டி.யைக் கொண்டுவந்தார். கம்பெனி கொடுத்த பரிசு வெறும் 20 ஆயிரம் யென். கோர்ட்டுக்குப் போனார். கடைசியில் 2005-ல் 84 கோடி யென்னுக்குச் சமரசம் ஆனது. 2014-ல் இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ ஆகியோருடன் சேர்ந்து நோபல் பரிசும் வாங்கினார்.

புடவையும் வாசலும்

கடைக்காரர்களுக்குக் கணக்கு வேறு. வீட்டில் லைட் 6 மணி நேரம் எரிந்தால், கடையில் 10 மணி நேரம், 12 மணி நேரம் எரிகிறது. யூனிட் விலையும் வீட்டைவிட அதிகம்.

பழைய டியூப் லைட் 10 உள்ள ஒரு கடை. தினம் 10 மணி நேரம். இரண்டு மாதத்துக்கு 300 யூனிட். எல்.இ.டி. டியூப்புக்கு மாறினால் 120 யூனிட். மிச்சம் 180 யூனிட். யூனிட் 9 ரூபாய் என்று வைத்தாலும் 1,620 ரூபாய். ஏ.சி. வைத்த கடையாக இருந்தால் இன்னொரு லாபமும் உண்டு. விளக்கு கக்கும் சூட்டை வெளியேற்ற ஏ.சி. மல்லுக்கட்ட வேண்டியதில்லை. ஷோகேசில் 50 வாட் ஹாலோஜன் விளக்குகளை வரிசையாக எரிக்கும் நகைக்கடை, பரிசுப்பொருள் கடைகளுக்கு இது ரொம்பவே பொருந்தும்.

ஆனால் ஜவுளிக் கடைக்காரர் அவசரப்பட்டு மட்டமான எல்.இ.டி. போட்டுவிட்டால் வியாபாரமே படுத்துவிடும். தியாகராய நகரில் புடவை எடுக்கும் பெண்களைக் கவனித்தால் தெரியும். பிடித்த புடவையைக் கையில் எடுத்ததும், "வெளிச்சத்துல காட்டுங்க" என்று வாசலுக்குப் போவார்கள். கடைக்குள் மாம்பழக் கலராக இருந்தது வாசலில் வேறு கலராகத் தெரிந்தால், அந்தப் புடவை திரும்ப அலமாரிக்குத்தான் போகும்.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. 'சி.ஆர்.ஐ.' என்பார்கள். கலரை உள்ளது உள்ளபடி காட்டுவதில் ஒரு விளக்குக்குக் கிடைக்கும் மார்க் அது. முழு மார்க் 100. சாதாரண எல்.இ.டி.க்கு 80 இருந்தால் வீட்டுக்குப் போதும். ஜவுளி, பெயிண்ட், காய்கறி, பழக் கடைகளுக்கு 90-க்கு மேல் இருப்பது நல்லது. விலை கொஞ்சம் கூடும். கூடட்டும். கலர் பிடிக்காமல் திரும்பிப் போகும் ஒரு பட்டுப்புடவையின் லாபத்தில் அந்த விலை வந்துவிடும்.

வெள்ளையிலும் வகை உண்டு. பெட்டியில் 2700 'கே' என்று இருந்தால் குண்டு பல்பு போல மஞ்சள் வெளிச்சம். தங்க நகைக்கு எடுப்பாக இருக்கும். 6500 'கே' என்றால் நீலம் பாய்ந்த வெள்ளை. வெள்ளி, வைரம் பளிச்சிடும். படுக்கை அறையில் இந்த 6500-ஐ மாட்டிவிட்டு, "தூக்கமே வரல" என்று புலம்பக் கூடாது.

உடைந்த சி.எப்.எல். உஷார்!

2012-ல் சென்னையிலேயே தினம் 2 மணி நேரம் மின்வெட்டு இருந்த காலத்தில், இன்வெர்ட்டரை நம்பியிருந்த வீடுகளைக் காப்பாற்றியது சுருள் சுருளான சி.எப்.எல். பல்பு. அதன் காலம் முடிந்துவிட்டது. ஆனால் பழைய பல்புகள் இன்னும் பல வீடுகளில் பரண் மேலும் பாத்ரூமிலும் இருக்கின்றன.

அதற்குள் பாதரசம் இருக்கிறது. சில மில்லி கிராம்தான். ஆனாலும் விஷம். டியூப் லைட்டுக்குள்ளும் இருக்கிறது. கீழே விழுந்து உடைந்தால் முதலில் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, ஜன்னலைத் திறந்துவைத்துக் கால்மணி நேரம் அந்த அறைப் பக்கம் போகாமல் இருக்க வேண்டும். துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. தூள் பறக்கும். அட்டையால் அள்ளி, மூடியுள்ள பாட்டிலில் போட்டு, வீட்டுக் குப்பையோடு சேர்க்காமல் தனியாகக் கொடுக்க வேண்டும்.

அணைத்தும் மினுக்குகிறதா?

எல்.இ.டி. மாட்டிய பல வீடுகளில் ஒரு வேடிக்கை நடக்கிறது. ஸ்விட்சை அணைத்த பிறகும், இருட்டில் பல்பு லேசாக மினுக்கிக்கொண்டிருக்கும். பேய் என்று பயப்படுகிறவர்களும் உண்டு. பல்பு கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடுகிறவர்களும் உண்டு.

இரண்டும் இல்லை. ஸ்விட்சில் சிவப்பாக ஒரு குட்டி இண்டிகேட்டர் விளக்கு இருந்தால், அது வழியாகக் கசியும் துளி கரண்டுக்கே எல்.இ.டி. மினுக்கும். அது ஆபத்து இல்லை.

ஆனால் இண்டிகேட்டர் இல்லாத ஸ்விட்சிலும் மினுக்கினால், வயரிங்கில் கோளாறு இருக்கலாம். ஸ்விட்ச் எப்போதும் கரண்ட் வரும் 'பேஸ்' வயரை வெட்ட வேண்டும். வேலை தெரியாதவர் 'நியூட்ரல்' வயரில் ஸ்விட்சை மாட்டியிருந்தால், ஸ்விட்சை அணைத்தாலும் ஹோல்டரில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். குண்டு பல்பு இருந்தவரை இது யாருக்கும் தெரியவில்லை. துளிக் கரண்டுக்கு அது எரியாது. எல்.இ.டி. காட்டிக்கொடுத்துவிட்டது.

அணைத்துவிட்டோமே என்று ஸ்டூல் போட்டு ஏறி ஹோல்டருக்குள் கை வைத்தால் ஷாக் அடிக்கும். இப்படி மினுக்கும் வீடுகளில் மெயினை அணைக்காமல் பல்பைக் கழற்றவே கூடாது. லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொன்னால், ஸ்விட்ச் போர்டைத் திறந்து வயரை மாற்றிப் போட சில நிமிட வேலை.

பில்லோடு வாங்கிய பல்பு கேரண்டி காலத்துக்குள் போய், கடைக்காரர் மாற்றித் தர மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் கொடுக்கலாம். பில், பெட்டி, பல்பு மூன்றையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். பிளாட்பாரத்தில் வாங்கியவருக்கு இந்த எண் பயன்படாது.